முன்னால் நின்ற பஸ்ஸின் புகை

பாடசாலை பஸ் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி, பஸ்கள் நிறுத்தி வைக்கும் எங்கள் யாட்டில் கேட்டார்கள். கண்ணாடியைச் சரிசெய்வது, ரயில் கடவையில் நிற்பது, பின் இருக்கைவரை நடந்துபோய்த் தூங்கிய பிள்ளை யாரும் இல்லை என்று பார்ப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நானும் அந்தக் காலத்தில் விட்டவள்தான்.

நின்றுகொண்டிருக்கும் வாகனத்தின் என்ஜினை ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடக் கூடாது என்பது இந்த நகரத்தின் விதி. அதையும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். தலையாட்டாத சாரதியை நான் கண்டதில்லை. அணைக்கிற சாரதியைத்தான் தேட வேண்டியிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பழக்கிய மூத்த சாரதியின் பெயர் இங்கே வேண்டாம். யாட்டில் தமிழர்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். தமிழ் தெரியாதவர்களும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிட்டார்கள். இந்தக் குளிர் நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். பனி கொட்டும் நாளில் அவருடைய பஸ் வழுக்கி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் குரலை உயர்த்தமாட்டார். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பார்வையைப் பழக எவ்வளவோ முயன்றேன், வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். ஸ்ராட் பண்ணிய வாகனத்தை, போய்ச் சேரும் இடம் வரும்வரை அணைக்கமாட்டார். முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்.

“பிள்ளை, ஓடிற வாகனத்தை இடையிலை நிப்பாட்டக் கூடாது. பேந்து எடுபடுமோ எண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் சொன்னால் நாங்கள் செய்வோம். எங்கள் யாட்டின் தமிழ்ச் சாரதிகள் அத்தனை பேருடைய பஸ்ஸும் பள்ளிக்கூட வாசலில் உறுமிக்கொண்டுதான் நிற்கும். நிர்வாகம் எத்தனையோ தடவை அறிவித்தல் ஒட்டியது. அண்ணை நின்று, கண்ணாடி போட்டு, முழுதாக வாசித்து, “ஓம், ஓம், நல்ல விஷயம்” என்று சொல்லிவிட்டுப் போவார். காலை ஓட்டம் முடிந்து யாட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, என்ஜினைச் சூடாகவும் பற்றரியைச் சார்ஜிலும் வைத்திருக்கும் மின்வயரைச் செருகிவிடுவார். அதனால் யாட்டில் எப்போதும் திறப்பை, அதாவது சாவியை, ஒருதரம் திருப்பியதுமே எடுபட்டுவிடும், ஸ்ராட் ஆகிவிடும். வெளியில் எடுபடுமா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வருடம் எனக்குக் கிடைத்தது ரூஜ் என்ற பகுதியின் பள்ளிக்கூடம் ஒன்று. பின்னேரம் பஸ்கள் வாசலில் வரிசையாக நிற்கும். முதலாவது அண்ணையின் பஸ், இரண்டாவது என்னுடையது. யார் எங்கே நிற்பது என்பதைப் பள்ளிக்கூடம்தான் தீர்மானிக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஏற்றுவார்கள். பெரிய வகுப்புகள் வந்து ஏறி முடியும்வரை சின்னவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும், கதவும் திறந்தபடியே இருக்கும்.

என் பஸ்ஸில் இரண்டாவது வரிசையில் ஆரணி என்ற பிள்ளை இருப்பாள். இரண்டாம் வகுப்பு. ஏறும்போது நன்றாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் ஏறுவாள். பஸ் புறப்படும் நேரம் இருமத் தொடங்கியிருப்பாள். அவளை இறக்கும் இடத்தில் பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். தாய்க்கு மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை, வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

ஒருநாள் அந்தத் தாயே தரிப்பிடத்தில் நின்றார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பிள்ளையை இறக்கியதும் கதவடியில் நின்று என்னிடம் சொன்னார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. இவளுக்கு முட்டு இருக்கு. சனி, ஞாயிறு ஒண்டுமில்லை, காலமையும் ஒண்டுமில்லை. பள்ளிக்கூடத்தாலை பஸ்ஸிலை வந்தால்தான் ராவு முழுக்க இழுக்குது. டொக்ரரும் பஸ்ஸை ஒருக்கா விட்டுப் பாருங்கோ எண்டுறார். பஸ்ஸை விட்டா நான்தான் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும். அப்ப வேலையை விடவேணும். இந்த மாதம் மட்டும் பாக்கிறன்.”

முட்டு என்றால் ஆஸ்துமா. உங்களில் சிலருக்கு அந்தச் சொல் தெரியாதிருக்கும், அந்தச் சத்தம் தெரிந்திருக்கும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பஸ்ஸையா குறை சொல்கிறார்? நான் கூட்டித் துடைத்து வைத்திருக்கிற பஸ். ஆனாலும் மனம் கேட்கவில்லை. யாட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். புகை உள்ளே வர எந்த ஓட்டையும் இல்லை என்றார். அடுத்த நாளிலிருந்து அண்ணையின் பேச்சை மீறி, பள்ளிக்கூட வாசலில் என் என்ஜினை அணைத்தேன். முதல் நாள் புறப்படும் நேரம், எடுபடுமோ என்று பயந்துகொண்டுதான் திறப்பைத் திருப்பினேன். பஸ் எடுபட்டது. ஆரணியின் இருமல் மட்டும் நிற்கவில்லை.

பிறகு அண்ணை ஒருநாள் பல் பிடுங்க லீவு எடுத்தார். அவருக்குப் பதிலாக வேறொரு பஸ்ஸில் வந்த மாற்றுச் சாரதி எனக்கு முன்னால் வந்து நின்றதும் அணைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டான். அன்று ஆரணி வீடு போகும்வரை தன் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இருமல் இல்லை.

மறுநாள் அண்ணை வந்துவிட்டார். நான் என் இருக்கையில் இருந்து அவருடைய பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கீழே புகைக்குழாய். அதிலிருந்து வருகிற வெள்ளைப் புகை, காற்றில்லாத பின்னேரத்தில், நேரே என் திறந்த கதவுக்கு வந்து படியேறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால் அதுவும் ஒரு பிள்ளை மாதிரி உள்ளே வந்தது. ஆரணி ஸ்கார்ஃபால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மிஸ், தற் பஸ் ஸ்ரிங்ஸ்” என்றாள், அந்த பஸ் நாறுகிறதாம். அவள் எனக்கு முதலே கண்டுபிடித்திருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

இனி என்ன செய்வது? இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லி என் பஸ்ஸை முதலாவது இடத்துக்கு மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்தால் என் புகை இல்லாவிட்டாலும், அண்ணையின் புகை அவருக்குப் பின்னால் நிற்கிற வேறொரு பஸ்ஸின் வேறொரு பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். நிர்வாகத்திடம் முறையிட்டிருக்கலாம். அண்ணைக்கு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இன்னொன்று வந்தால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு வேலை எடுத்துத் தந்த மனிதர். எனக்கு அவர்மேல் பாசம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அதனால் முதலில் ஆளோடு கதைப்போம் என்று நினைத்தேன்.

மத்தியானம் யாட்டில் அவர் தன் பஸ்ஸின் படியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆரணியைப் பற்றி, தாயைப் பற்றி, புகையைப் பற்றி எல்லாம் சொன்னேன். எனக்கே பஸ் ஓடப் படிப்பிக்கிறியா என்று எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார்.

“எந்தப் பிள்ளை? அந்தச் சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளையோ?”

“ஓம் அண்ணை.”

“என்ரை புகையோ?”

“ஓம்.”

“நிப்பாட்டத்தான் வேணும் பிள்ளை. எனக்கு விளங்குது. ஆனா என்னாலை ஏலாது.”

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் ஸ்ராட் ஆகாது. சின்னப் போத்தல் ஒன்றில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலில் சில துளி விட்டுத்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். ஸ்ராட் ஆகிவிட்டால் ஆள் இறங்கினாலும் ஏறினாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் அந்தத் துளிகள் போச்சு. அக்காலத்தில் அங்கே வாகனம் ஓடிய எவருக்கும் இது தெரியும். எங்கள் யாட்டின் பாதிச் சாரதிகள் ஏன் அவருடைய பேச்சைக் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன்” என்றார் அண்ணை. “இடையிலை சோதிக்கிறதுக்கு மறிச்சு, என்ஜினை நிப்பாட்டச் சொல்லிச்சினம். நிப்பாட்டினன். போகலாம் எண்டு விட்டிச்சினம். போத்தலைக் கவிட்டால் ஒரு சொட்டு இல்லை. தள்ளினம், தள்ளினம், நானும் அவவின்ரை மனுசனும். அவ தப்பிட்டா. பிள்ளை தப்பேல்லை.”

சட்டைப் பையிலிருந்து பஸ்ஸின் திறப்பை எடுத்துப் பார்த்தார்.

“இது டீசல், புது நாடு, புது பஸ், எல்லாம் தெரியும். உந்தத் திறப்பிலை கை வைச்சா அந்த மனுசன் பக்கத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்கு. பிள்ளையளை ஏத்தி வைச்சிருக்கேக்கை எப்பிடி நிப்பாட்டுவன்?”

அடுத்த நாள் பின்னேரம் அவர் அணைக்கவில்லை. பதிலாக, புகை என் பஸ்ஸுக்கு எட்டக் கூடாதென்று பஸ்ஸை முன்னே, முன்னே என்று நகர்த்தி, பிள்ளைகள் வீதி கடக்கும் கோட்டில் கொண்டுபோய் வைத்தார். கடவையில் நின்ற காவலாளி அம்மா கையை ஆட்டிச் சத்தம் போட்டுப் பின்னுக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் அதே கூத்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மனிதர் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தார், ஆனால் புகை அதே வழியில்தான் வந்தது. வெள்ளிக்கிழமைவரை பார்ப்பது, பிறகு மேலே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு பிள்ளையின் மூச்சு சம்பந்தப்பட்ட இடத்தில் வெள்ளிக்கிழமை என்பது நீண்ட தவணை. நீங்கள் அப்படித் தவணை போடாதீர்கள்.

வியாழக்கிழமை காற்றே இல்லை. மேகம் தலையில் முட்டுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது. சின்ன வகுப்புகள் ஏறிவிட்டன. பெரிய வகுப்பு ஒன்று ஏதோ காரணத்தால் பிந்தியது. கண்ணாடியில் பார்த்தபோது ஆரணி இருமவில்லை. இருமாமல், இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏற ஏற மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

திறப்பை உருவி எடுத்தேன். வாசலில் நின்ற ஆசிரியையைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னேன். ஆரணியை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கி, புகைக்கு எதிர்ப்பக்கமாகப் பள்ளிக்கூடச் சுவரடிக்கு ஓடினேன். அவளுடைய பையில் பஃபர் இருந்தது, வாயில் வைத்து இழுக்கிற மருந்து. குளிரில் விரல் விறைத்து மூடியைக் கழற்ற முடியவில்லை. அப்போது பின்னால் இருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக் கழற்றித் தந்தது. அண்ணை. தன் குளிர்ஜாக்கெற்றைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார்.

“மெல்ல இழு ராசாத்தி. மெல்ல. அவசரமில்லை.”

அவள் இழுத்தாள். விசில் மாதிரி வந்த மூச்சு மெதுவாகத் தணிந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வந்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள், தாய்க்கும் அழைப்பு எடுத்தார்கள். போகும்போது ஆரணி அண்ணையின் ஜாக்கெற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நாங்கள் திரும்பி பஸ்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வரிசையின் முன்பக்கம் ஒரே அமைதி. அவருடைய மற்றக் கையில் திறப்பு இருந்தது. சாரதி பஸ்ஸை விட்டு இறங்கினால் திறப்பை எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் ஆரணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்ணாடியில் கண்டவர், தன் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியையைக் காவல் வைத்து, யோசிக்காமல் அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

அவர் தன் பஸ்ஸில் ஏறித் திறப்பைத் திருப்பினார். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். அதே சத்தம்.

நான் ஓடிப் படியில் ஏறினேன். முன்னால் வீதியைப் பார்த்தபடி, திறப்பில் கை வைத்தபடி இருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள்.

“அண்ணை, ரேடியோவிலை சொல்லுங்கோ.”

அவருக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எந்த வீதியில், யாரோடு நின்று அவர் அப்போது கார் தள்ளிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இப்படியான நேரத்தில் ஆளைத் தேற்றுவதா, வேலையைப் பார்ப்பதா என்று வரும். வேலையைப் பாருங்கள். அதுதான் பெரிய தேறுதல். நான் ரேடியோவை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பஸ் அனுப்புகிற பெண், “ஓகே, மாற்று பஸ் வருகிறது, பிள்ளைகள் எல்லோரும் ஓகேயா?” என்று மட்டும் கேட்டாள். வேறு ஒரு கேள்வியும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்கு அனுப்பினோம். அவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம். மண்டபத்தில் பந்து உருட்டி விளையாடினார்கள். அண்ணையைத் தனியே விட்டுப்போக மனம் வராமல், ரேடியோவில் அனுமதி எடுத்து, என் பிள்ளைகளையும் அங்கேயே ஆசிரியைகளோடு விட்டு, மாற்று பஸ் வரும்வரை நானும் நின்றேன். என் பஸ் பிந்தியதற்குச் சில பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். செய்யட்டும்.

மாற்று பஸ் வந்தது. அண்ணையின் பிள்ளைகள் ஏறினார்கள், கை காட்டினார்கள், போனார்கள். பின்னாலேயே யாட்டு மெக்கானிக் வந்து வயர் போட்டு, என்ஜினை எடுத்துவிட்டார். பற்றரி பழசு, எப்போதோ மாற்றியிருக்க வேண்டும் என்றார். வெளியில் ஒருநாளும் அணைத்துப் பார்க்காததால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

அண்ணை எல்லாவற்றையும் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஜாக்கெற் இல்லாமல். ஆரணியின் தாய் வந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலால் போவதையும் பார்த்தார். பிள்ளை நடந்துதான் போனாள். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இவ்வளவுதானோ பிள்ளை?”

“ஓம் அண்ணை. இவ்வளவுதான்.”

“பஸ் எடுபடேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.”

“வீட்டை போக கொஞ்சம் பிந்தும். அவ்வளவுதான்.”

தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் அழுதார் என்று பிறகு யாரோ யாட்டில் கதை கட்டினார்கள். அழவில்லை. குளிரில் கண்ணில் நீர் வந்தது, எனக்கும்தான் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் வழக்கம்போல வரிசையில் நின்றோம். புதுப் பற்றரி போட்டிருந்தார்கள். நான் அணைத்துவிட்டு அவருடைய புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தது. சரி, இன்று வெள்ளிக்கிழமை, மேலே சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கும்போது புகை நின்றது. உடனே என்ஜின் மறுபடி உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. முதல் முதலாக மின்விளக்குச் சுவிச்சைக் கண்ட பிள்ளைபோல மனிதர் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக நின்றது. பிறகு பிள்ளைகள் எல்லோரும் ஏறி முடியும்வரை ஒரு சத்தமும் இல்லை.

ஆரணி பஸ்ஸை விடவில்லை, தாய் வேலையையும் விடவில்லை. முட்டு மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன், அது அவளோடு இருக்கத்தான் செய்தது. ஆனால் பின்னேரங்களில் அந்தப் பஃபர் அநேகமாகப் பையிலேயே கிடந்தது. யாட்டின் மற்றத் தமிழ்ச் சாரதிகளும் அண்ணையைப் பார்த்து அணைக்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் தன்னுடைய அறிவித்தல்தான் வேலை செய்தது என்று நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

முன்னால் நிற்கிறவர் அணைக்காவிட்டால் அவரைத் திட்டுவதற்கு முதல் உங்களுடையதை அணையுங்கள். பிறகு போய், ஏன் என்று கேளுங்கள். சோம்பலாக இருக்கலாம், குளிராக இருக்கலாம், நீங்கள் கேள்விப்படாத ஏதாவதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், பின்னால் இருக்கிற பிள்ளைக்குப் புகை ஒன்றுதான்.

அண்ணை ஓய்வு பெற்ற அன்று தன் பஸ்ஸை ஒரு புதுப் பொடியனிடம் ஒப்படைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு முதல் நாள் சொன்னதை அவனுக்கு என்னவென்று சொல்லப்போகிறார் என்று காது கொடுத்தேன். அவர் திறப்பை அவனுடைய உள்ளங்கையில் வைத்து, தன் கையால் பொத்தினார்.

“வாசலிலை போய் நிண்டவுடனை நிப்பாட்டு தம்பி. எடுபடும். எடுபடாட்டிக் கூப்பிடு. இஞ்சை ஆக்கள் வருவினம்.”